ஒரு நாளைக்கு அஞ்சு கட்டி

— தம்பி, அந்தத் துளை போடுற மெஷினைக் கொஞ்சம் நிப்பாட்டும். மூண்டு தரம் கூப்பிட்டுட்டன்.

— சாரி ஆண்டி, சத்தத்துல கேக்கல. இன்னும் ஒரே ஒரு ஓட்டைதான். பைப்பு அலமாரிக்குப் பின்னால போய் சிங்க்குக்கு அடியில வரணும். அஞ்சு நிமிஷம் லா.

— என்ன பைப்? அலமாரிக் கதவு ஊதிப் போச்சு, மாத்த ஆள் வரும் எண்டுதான் அவர் எனக்குச் சொன்னவர். நான் பாசாருக்கு மரக்கறி வாங்கப் போட்டு வாறதுக்கிடையிலை அலமாரியிலை பாதியைக் காணேல்லை. இது என்ன பெட்டி? உடுப்புத் தோய்க்கிறதோ?

— அங்கிள் உங்ககிட்ட சொல்லலையா?

— நான் உம்மைக் கேக்கிறன்.

— ஐஸ் மெஷின், ஆண்டி. பத்து ஃபெரிங்கி கடற்கரையில ஒரு ஓட்டல் பார்ல இருந்தது. ஓட்டல இடிச்சுப் புதுசாக்கறாங்க, பழசெல்லாம் வெளிய தள்ளிட்டாங்க. அங்கிள் ரெண்டு மாசமா ஒண்ணு தேடச் சொல்லிட்டு இருந்தாரு. பைப்புத் தண்ணிய இதுவே இழுத்துக்கும், இதுவே ஐஸ் போடும். பெட்டி நிறைஞ்சா நிக்கும். எடுக்க எடுக்க மறுபடியும் போடும்.

— எடுக்க எடுக்கப் போடும்.

— ஆமா ஆண்டி.

— இதின்ரை கதவுக்குப் பூட்டு இருக்கோ?

— ஐஸுக்கு எதுக்கு ஆண்டி பூட்டு.

— திரும்பி அந்த பிரிட்ஜைப் பாரும்.

— சங்கிலி போட்டிருக்கீங்க.

— ரெண்டு வருசமாப் போட்டிருக்கிறன். திறப்பு என்ரை இடுப்பிலை. குளிக்கேக்கையும் கழட்டுறேல்லை. அவருக்கு ஒரு நாளைக்கு அரை லீட்டர், தம்பி. தேத்தண்ணி, சொதி, மருந்து விழுங்கிற தண்ணி எல்லாம் சேத்து அரை லீட்டர். ஐஸ் அஞ்சு கட்டி. காலமை ஒண்டு, பத்து மணிக்கு ஒண்டு, மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு ஒண்டு, பின்னேரம் ஒண்டு, படுக்கேக்கை ஒண்டு. வாயிலை போட்டுக் கடிக்கக்கூடாது, சூப்பவேணும். நான் முன்னாலை நிண்டு பாப்பன்.

— தெரியும் ஆண்டி. ரத்தம் கழுவறவங்க எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு எனக்குத் தெரியும்.

— உமக்கு எப்பிடித் தெரியும்?

— எங்கம்மாவுக்கும் கிட்னிதான். ரோசம்மா. ரத்தம் கழுவற சென்டர் வாசல் பெஞ்சுல உக்காந்து இருப்பாங்க. நான் அந்தோணிராஜ். அங்கிளுக்கு என்னைத் தெரிஞ்சதே அம்மா மூலமாத்தான்.

— சிம்பாங் அம்பாட்டிலை இருந்து வாற மனிசி? ஊதாச் சீலைப் பையோடை? அவவின்ரை மகனோ நீர்?

— ஆமா.

— அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் இதைக் கொண்டுவந்து பூட்டுறீர்.

— டாக்டர் ஐஸ் வாயில வச்சுக்கலாம்னு சொல்லிட்டாருன்னு அங்கிள் சொன்னாரு. ஆண்டிக்கும் தெரியும்னாரு. நான் என்ன பண்ண, சொல்லுங்க.

— டாக்டர் சொல்லுவார். டாக்டருக்கென்ன, அவர் வீட்டிலை வந்து நிண்டு பாக்கிறாரோ? போன வருசம் பூச்சாடித் தண்ணியைக் குடிச்ச ஆள் இவர், தம்பி. முகம் கழுவப் போறன் எண்டு போய், கையிலை ஏந்திக் குடிக்கிறவர். அதுக்காக நான் குளியலறைக் கதவைச் சாத்த விடுறேல்லை. எனக்கு இது நல்லா இருக்குதெண்டு நினைக்கிறீரோ? கட்டின மனிசனை ஜெயில்காரன் மாதிரிக் காவல் காக்கிறன்.

— சுசாதான் ஆண்டி, ரொம்பக் கஷ்டம்தான். எங்க வீட்லயும் பார்த்திருக்கேன்.

— ஒரு உதவி செய்யும். பெட்டியை வையும். கரண்ட் குடும். லைட் எரியட்டும். தண்ணியை மட்டும் விடாதையும். ஏதோ ஒரு சாமான் கோலாலம்பூரிலை இருந்து வரவேணும் எண்டு சொல்லும். கேக்கிற நேரமெல்லாம் அடுத்த கிழமை, அடுத்த கிழமை எண்டு இழுத்தடியும்.

— அங்கிள்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்க.

— ஆளைக் காப்பாத்தச் சொல்லுறன்.

— நீங்களே அவர்கிட்ட பேசிடுங்க ஆண்டி. வேணாம்னா இப்பவே கழட்டி வேன்ல ஏத்திடறேன். ஆனா இன்னைக்கு என்னால பொய்யெல்லாம் பேச முடியாது. எனக்கு மனசு சரியில்ல. வேலைய முடிச்சுட்டு ஃபெர்ரி புடிச்சுப் போயிடணும்.

— ஞானம், அந்தப் பிள்ளையை விடும்.

— நீங்கள் ஏன் எழும்பி வந்தனீங்கள்? மேல்மூச்சு வாங்குது. இருங்கோ. தம்பி, அந்தக் கதிரையை இஞ்சாலை இழுத்து விடும்.

— உக்காருங்க அங்கிள். மெதுவா.

— பெட்டி வடிவா இருக்குது. நான் நினைச்சதை விடச் சின்னன். எவ்வளவு வேலை மிச்சம், அந்தோணி?

— பைப்பு கொடுத்துட்டேன் அங்கிள். ஓடற தண்ணிக்கு ட்ரெயின் மாட்டணும். அப்புறம் வால்வத் திறந்து பைப்ப அலசினா சரி.

— அலசும்.

— ஒண்டும் அலசவேண்டாம். இவர் இதைத் திருப்பிக் கொண்டுபோறார்.

— இல்லை ஞானம். கொண்டுபோகமாட்டார்.

— அலமாரிக் கதவு எண்டு எனக்குச் சொன்னனீங்கள். முப்பத்தெட்டு வருசத்திலை ஒரு பொய் சொன்னதில்லை நீங்கள். சம்பளத்தைச் சீட்டாடித் துலைச்ச மாசம்கூட வாசல்லை நிண்டே சொன்னனீங்கள். இப்ப ஒரு ஐஸுக்காகப் பொய்.

— கவனத்திலை எடுத்துக்கொண்டன்.

— உங்கடை ஒப்பீஸ் பாஷையை என்னோடை கதைக்காதேங்கோ. துறைமுக வேலையை விட்டு எட்டு வருசமாச்சு. காலை நீட்டுங்கோ பாப்பம்.

— கால் நல்லா இருக்கு.

— நீட்டுங்கோ. கடவுளே. செருப்பு வார் தசைக்குள்ளை புதைஞ்சு கிடக்கு. விரலாலை அமத்தினாக் குழி அப்பிடியே நிக்குது. தம்பி, நீரும் வந்து பாரும். நேற்று முந்தநாள் ரத்தம் கழுவிப்போட்டு வந்த காலோ இது?

— உப்பு. நீர் வெள்ளிக்கிழமை வச்ச ரசத்திலை உப்புக் கூடிப்போச்சு.

— உங்களுக்கு வைக்கிற ரசத்திலை ரெண்டு வருசமா நான் உப்பே போடுறேல்லை.

— அப்ப வேறை ஏதோ.

— மூண்டு நாளாக் கட்டிலிலை படுக்கேலாமல் கதிரையிலை சாஞ்சுகொண்டுதான் நித்திரை. முகம் பானை மாதிரி. மெஷினிலை ஏதோ பிழை. சரியாக் கழுவேல்லை. நாளைக்கு நானும் உங்களோடை வந்து சிஸ்டர் நல்லம்மாளைக் கேக்கிறன்.

— நீர் வரவேண்டாம்.

— வருவன்.

— அங்கிள், தண்ணி விட்டுட்டேன். பிளக்கும் போட்டாச்சு. இருபது நிமிஷத்துல முதல் ஐஸ் விழும். அந்த முதல் ஐஸ மட்டும் வாயில வைக்காதீங்க, பைப்பு நாத்தம் அடிக்கும்.

— என்னைக் கேளாமலே விட்டிட்டீரோ?

— அங்கிள் கண்ணக் காட்டினாரு ஆண்டி.

— அந்த மெஷின் என்ரை, ஞானம். தண்ணி வரி கட்டுறவனும் நான்தான். இருபது நிமிசம் பொறுத்திருந்து பாப்பம். எனக்குச் சத்தம் கேக்கவேணும். ஐஸ் விழுற சத்தம்.

— டெலிபோன் அடிக்குது.

— விடும். ராங் நம்பராய் இருக்கும்.

— எடுக்க முந்தி எப்பிடி ராங் நம்பர் எண்டு தெரியும்?

— ஞானம், சொன்னாக் கேளும். எடுக்காதையும்.

— கையை விடுங்கோ.

— அவ அங்காலை போயிட்டா. அந்தோணி, கிட்ட வாரும். கெதியாச் சொல்லிப்போடுறன். நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு அம்மாவைச் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு வாரும். முதல் ஃபெர்ரியிலை வந்தாச் சரி. வெளியிலை வாங்கிலை, அந்த வாசல் பெஞ்சிலை, இருக்கத் தேவையில்லை. நேரா உள்ளுக்குப் போகச் சொல்லும். நாலாம் நம்பர், யன்னலோரம்.

— அது உங்க சேர் அங்கிள்.

— என்ரையா இருந்தது. போன செவ்வாய் எழுதிக் குடுத்திட்டன். இனி நான் வரேல்லை, என்ரை முறையை லிஸ்டிலை அடுத்து நிக்கிற ரோசம்மாவுக்குக் குடுங்கோ எண்டு.

— எழுதிட்டீங்களா?

— கையெழுத்து, திகதி எல்லாம் போட்டுத்தான். எழுதி ஒரு கிழமை பொறுத்துத்தான் முறையை மாத்துவினமாம். நாளையிலை இருந்து செவ்வாய், வியாழன், சனி, மூண்டும் அவவுக்கு. வீட்டிலை போன் இல்லை, எப்பிடிச் சொல்லுறது எண்டு சிஸ்டர் கேட்டவ. மகன் திங்கக்கிழமை என்ரை வீட்டுக்கு வருவான், நான் சொல்லுறன் எண்டனான்.

— அங்கிள், நான் ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட.

— நன்றி ஒண்டும் வேண்டாம். ஞானத்துக்கு முன்னாலை வாய் திறக்காதையும், அது போதும்.

— அது இல்ல அங்கிள். எங்கம்மா வந்து…

— உஷ். கேளும். அவ கதைக்கிறது கேக்குது.

— ஹலோ. ஓம், மிஸஸ் விநாசித்தம்பிதான். சொல்லுங்கோ நல்லம்மாள்… இல்லையே, சனிக்கிழமை வந்தவரே. நான்தானே டாக்சியிலை ஏத்திவிட்டனான்… வியாழக்கிழமையும் வரேல்லையோ?… என்ன கடிதம்?… இல்லை, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. வாசியுங்கோ. முழுக்க வாசியுங்கோ.

— அங்கிள், ஆண்டி அழறாங்க.

— அழேல்லை. அவ அழுற ஆள் இல்லை. அது வேறை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கேக்கிறா.

— நீங்க செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் போகவே இல்லையா? ஆறு நாளாச்சு அங்கிள்.

— ஆறு நாள்தான். ஒரு கிழமையிலை இருந்து பத்து நாள் எண்டு டாக்டர் சொன்னவர்.

— சனிக்கிழமை எங்கை போனனீங்கள்?

— வாரும் ஞானம். இரும்.

— இருக்கமாட்டன். வெள்ளைச் சேட்டு அயன் பண்ணிப் போட்டுவிட்டு, டாக்சிக் கதவையும் நானே சாத்திவிட்டன். கை காட்டினனீங்கள். எங்கை போனனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்.

— கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ரோட்டுக்கு. சிக்கந்தர் கடைக்கு.

— அங்கை என்ன செய்தனீங்கள், நாலு மணித்தியாலம்?

— தே ஐஸ் குடிச்சனான். ஐஸ் நிறையப் போட்ட தேத்தண்ணி.

— எத்தினை கிளாஸ்?

— முதல் கிளாஸை ஒரே மூச்சிலை. ரெண்டாவதைக் குடிக்கேல்லை, கனநேரம் பாத்துக்கொண்டே இருந்தன். கிளாசுக்கு வெளியிலை வேர்த்து, தண்ணி வழிஞ்சு, மேசையிலை வட்டமா நிண்டது. அதை விரலாலை தொட்டு நக்கினனான். சிக்கந்தர் கண்டவன். ஒண்டும் கேக்காமல் மூண்டாவதையும் கொண்டுவந்து வச்சிட்டுப் போனவன்.

— நான் இஞ்சை ஒரு ஐஸ் கட்டியைத் துணியிலை சுத்திக் குழவியாலை பாதியா உடைச்சுக்கொண்டு நிண்டனான். கட்டி பெரிசாப் போச்சு, இவருக்குக் கூடிப்போகும் எண்டு.

— தெரியும்.

— தெரிஞ்சுமோ?

— நீர் இல்லாட்டி நான் இந்த ரெண்டு வருசத்தையும் கண்டிருக்கமாட்டன். ஆனா ஞானம், தாகம் எண்டா என்னெண்டு உமக்குத் தெரியாது. நாக்கு அண்ணத்திலை ஒட்டிப்போய்க் கிடக்கும், விரலாலை கிளப்பி விடவேணும். பக்கத்து வீட்டிலை அவன் கார் கழுவ ஹோஸ் பிடிக்கிற நேரம் நான் கதவைச் சாத்திப்போட்டு ரேடியோவைப் பெரிசா வைப்பன். மழை வந்தா எனக்குக் கோபம் வரும். ஒரு மனிசனுக்கு மழையோடை கோபம்.

— பொறுத்துக்கொள்ளவேணும். எல்லாரும் பொறுக்கினம்.

— எல்லாரும் பொறுக்கேல்லை. வாங்கிலை ஒருத்தி இருந்தவ. அவவுக்குப் பொறுக்க ஒரு கதிரைகூட இல்லை.

— அவவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீங்கள்?

— ஒன்பது மாசம் ஞானம். ஆரும் ஒருத்தர் வராமல் விட்டா அந்த இடத்திலை ஏத்துவினம் எண்டு, கிழமையிலை மூண்டு நாள் விடியப்புறம் பஸ் ஏறி, ஃபெர்ரி ஏறி வந்து இருப்பா. ஒன்பது மாசத்திலை ஆறு தரமோ ஏழு தரமோ இடம் கிடைச்சது. மற்ற நாளெல்லாம் மத்தியானம் வரைக்கும் இருந்திட்டு எழும்பிப் போவா. நான் உள்ளுக்கை நாலு மணித்தியாலம் ரத்தத்தைக் கழுவிப்போட்டு வெளியிலை வருவன். அவ எழும்பி நிண்டு, நல்லா இருக்கீங்களா ஐயா எண்டு கேப்பா. முகத்திலை சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பாக்க வெக்கமா இருக்கும்.

— எங்கம்மா அப்படித்தான் அங்கிள். யாரையும் பார்த்து வயிறெரிய மாட்டாங்க.

— எரிஞ்சிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும். ஒருநாள் கேட்டுப்போட்டன். ரோசம்மா, உள்ளுக்கை இருக்கிற பதினாலு பேரிலை ஒருத்தன் செத்தாத்தானே உங்களுக்கு இடம், அப்பிடி ஒருநாளும் நினைக்கிறேல்லையோ எண்டு. நெஞ்சிலை சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு, காலையில பெஞ்சுல உக்காந்ததும் பதினாலு பேர் பேரையும் சொல்லி ஜெபிச்சிருவேன் ஐயா, அப்படி நினைப்பு வந்துடக்கூடாதுன்னுதான் எண்டா. என்ரை பேரையும் சொல்லி.

— அதுக்காக நீங்கள் செத்துப்போறதோ?

— அதுக்காக மட்டும் இல்லை. களைச்சுப் போனன். ரெண்டும்தான். எந்தப் பக்கம் எவ்வளவு எண்டு என்னைக் கேளாதையும், எனக்கே தெரியாது.

— செத்துப்போவீங்கள் எண்டு விளங்குதோ உங்களுக்கு?

— ஓம்.

— அடுப்படியிலை இருந்துகொண்டு ஓம் எண்டுறீங்கள்.

— வேறை எங்கை இருந்து சொல்ல? ஒரு மாசமாச் சொல்லப் பாக்கிறன். ஒவ்வொரு நாளும் நீர் வந்து ஐஸ் கட்டியை வாயிலை வைப்பீர். வாய்க்குள்ளை ஐஸை வச்சுக்கொண்டு இதை எப்பிடிச் சொல்லுறது?

— டாக்டருக்குத் தெரியுமோ?

— அவரிட்டை முதலே கேட்டனான். என்னைத் தனிய இருத்திவச்சு ஒரு மணித்தியாலம் கதைச்சவர், மனம் மாத்தப் பாத்தவர். கடைசியிலை சொன்னவர், நித்திரை வரும், கூடக்கூட வரும், பிறகு எழும்பமாட்டீங்கள் எண்டு. தண்ணி குடிச்சா மூச்சு முட்டும், குடிக்கவேண்டாம். வாய் காயும், ஐஸ் மட்டும் வாயிலை வையுங்கோ எண்டவர். அந்தோணிக்கு நான் சொன்னது பொய் இல்லை. ஐஸ் எண்டு டாக்டர் சொன்னது அதுக்குத்தான்.

— அதுக்குத்தானா இந்த மெஷினு?

— ஓம் தம்பி. கடைசி நாலஞ்சு நாள் இந்த மனிசி அந்த ட்ரேயோடை குழாய்க்கும் பிரிட்ஜுக்கும் ஓடித் திரியப்போறா, உறையக் காத்துக்கொண்டு நிக்கப்போறா. அவவுக்கும் அறுபத்தொண்டு. முழங்கால் ஏலாது. நான் கேக்கிற நேரம் இல்லை எண்டு சொல்லவேண்டி வந்தா, நான் போனபிறகு அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருப்பா. எனக்கு அவவைத் தெரியும்.

— எனக்காக வாங்கினதெண்டு சொல்லாதேங்கோ. அதை மட்டும் சொல்லாதேங்கோ.

— சரி. சொல்லேல்லை.

— உள்ளுக்கை என்ன சத்தம் அது?

— முதல் ஐஸ் விழுது ஆண்டி. நான் அள்ளி சிங்க்ல கொட்டிடறேன்.

— கொட்டாதையும் அந்தோணி. கையிலை தாரும்.

— பைப்பு நாத்தம் அடிக்கும் அங்கிள்.

— தாரும். ஞானம், நீர் எடுத்துத் தாரும்.

— நான் தரமாட்டன்.

— ஒண்டு. பத்து மணிக் கட்டி இன்னும் வரேல்லை.

— அவருக்குக் குடுக்காதையும் தம்பி. மூடும் அந்தக் கதவை. இஞ்சை என்னைப் பாரும். உமக்கு இது முந்தியே தெரியுமோ?

— சத்தியமா இல்ல ஆண்டி. நீங்க போன் எடுக்கப் போனப்பத்தான் சொன்னாரு.

— உம்மடை அம்மா கேட்டவவோ, இடத்தைத் தாங்கோ எண்டு?

— எங்கம்மா யார்கிட்டயும் எதையும் கேட்டதில்ல.

— சும்மா இருந்து சிரிச்சே வாங்கிப்போட்டா. ஒன்பது மாசம் ஜெபம் பண்ணி என்ரை மனிசனைக் கதிரையிலை இருந்து எழுப்பிப்போட்டா.

— ஞானம், அப்பிடிக் கதைக்காதையும். அவவுக்கு ஒண்டும் தெரியாது. போன செவ்வாய் நான் கடிதம் குடுக்கேக்கை அவ வாங்கிலையும் இல்லை. மழை, பஸ் பிந்தியிருக்கும் எண்டு நினைச்சன். நல்லதெண்டும் நினைச்சன். முன்னாலை இருந்திருந்தா வாங்கியிருக்கமாட்டா.

— வாங்கியிருக்கமாட்டா எண்டு நீங்களே சொல்லுறீங்கள். கேட்டீரோ தம்பி? அவவே வேண்டாம் எண்டிருப்பா. அப்ப நான் கேக்கிறதிலை பிழை இல்லை.

— ஆண்டி, என்ன பண்றீங்க? எழுந்திருங்க ஆண்டி. என் கால விடுங்க.

— விடமாட்டன். நீர் போய் அம்மாட்டைச் சொல்லும், நாளைக்கு வரவேண்டாம் எண்டு. இவர் பிடிவாதக்காரர், ஆனா அந்தக் கதிரை சும்மா கிடந்தா இவரை நான் இழுத்துக்கொண்டுபோய் இருத்திப்போடுவன். ஆரோ ஒருத்தி அதிலை ஏறி இருந்திட்டா என்னாலை ஒண்டும் செய்யேலாது. பிறகு அவவை எழுப்பச் சொல்லி ஆரைக் கேப்பன்?

— ஞானம், எழும்பும். கேக்கக்கூடாததைக் கேக்கிறீர்.

— கேக்கக்கூடாததுதான். தெரிஞ்சுதான் கேக்கிறன். பாவம் எண்டா என்ரை தலையிலை விழட்டும். தம்பி, உம்மடை அம்மாவுக்கு நீர் இருக்கிறீர். மருமகள், பேரப்பிள்ளை இருக்கும். இந்த வீட்டிலை ஒரு பிள்ளை பிறக்கேல்லை. பத்து வருசம் கோயில் கோயிலாத் திரிஞ்சு, பிறகு ரெண்டு பேரும் அந்தக் கதையை விட்டிட்டம். இவர் போனா இந்த வீட்டிலை என்னை ஞானம் எண்டு கூப்பிட ஒருத்தரும் இல்லை.

— ஆண்டி, தயவு செஞ்சு எழுந்திருங்க.

— வேறை சென்டரிலை கேட்டுப் பாப்பம். நானே அலைஞ்சு திரிஞ்சு அவவுக்கு ஒரு இடம் எடுத்துத் தாறன். இந்த வீட்டை வித்தெண்டாலும் எடுத்துத் தாறன். அது வரைக்கும் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் பொறுக்கச் சொல்லும்.

— அவவுக்கு ஒரு மாசம் இல்லை ஞானம். போன மாசமே டாக்டர் சொல்லிப்போட்டார்.

— இவருக்கு நாலு நாள்தான் இருக்குது. ஒரு மாசத்துக்கும் நாலு நாளுக்கும் நான் என்னத்தைப் பாக்க? நான் நல்லவளா இருக்கவேண்டிய நேரம் இது இல்லை. சொல்லும் தம்பி. ஒரு தாயைச் சாகவிடச் சொல்லி அவவின்ரை மகனிட்டைத்தான் கேக்கிறன், எனக்குத் தெரியும். நாளைக்கு ஏழு மணிக்கு அம்மா வருவாவோ, வரமாட்டாவோ? ஒரு சொல்லிலை சொல்லும்.

— வரமாட்டாங்க ஆண்டி.

— அந்தோணி, இவவின்ரை கண்ணீரைப் பாத்து வாக்குக் குடுக்காதையும். உம்மடை அம்மாவின்ரை உயிர் அது.

— வாக்குக் குடுக்கல அங்கிள்.

— பிறகென்ன? முதல்லை ஏதோ சொல்ல வந்தீர், நான்தான் தடுத்தன். இப்ப சொல்லும்.

— சேர்ல உக்கார்றவங்க முன்னாடி சாவுப் பேச்ச எடுக்காதடா, அவங்க மனசு விட்டுப் போயிடும்னு அம்மாதான் எப்பவும் சொல்லுவாங்க. அதனாலதான் காலையிலேர்ந்து வாயத் திறக்காம வேலை செஞ்சேன். நீங்க லெட்டர் குடுத்த மறுநாள், புதன்கிழமை விடியக்காலம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற வழியிலேயே எங்கம்மா தவறிட்டாங்க அங்கிள்.